வாட்ஸ்அப் இருக்கிறது என்பது பதில் அல்ல

"வீட்டில வைஃபை இருந்தா வாட்ஸ்அப்பில எடுக்கலாம்தானே, மறுகா என்ன? சிக்னல் இல்லாட்டி இன்னொரு டவர் போடச் சொல்லுங்க." களுவாஞ்சிக்குடிச் சந்தையில் இதைக் கேட்டிருக்கிறேன். பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றபோது கேட்டிருக்கிறேன். பொறியியல் படித்து முடித்து ஊருக்கு வந்த பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். வைஃபை ஒன்று, கைபேசி வலையமைப்பு வேறொன்று. இரண்டையும் பிணைக்கும் ஏற்பாடு கம்பனிக்காரரின் உள்வீட்டு வேலை, அதில் ஊருக்கு அலுவல் இல்லை என்ற எண்ணம் எல்லார் மனதிலும் உறைந்துபோயிருக்கிறது.

இந்த எண்ணம் பிழையானது. வளைகுடாவில் ஒன்பது வருடம் நான் செய்த வேலையே அந்தப் பிணைப்பைப் பராமரிப்பதுதான். பிழை என்று நான் சொல்வது தொழில் பாசத்தால் அல்ல. ஓர் இரவு என் மாமியின் வீட்டில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

பட்டிருப்புப் பாலத்துக்குப் போகும் பக்கமாக, வாவியை ஒட்டி மாமியின் வீடு. மச்சான் கட்டாரில் உழைத்த காசில் கட்டிய மாடி வீடு. கொங்கிரீட் தட்டு, ஒன்பது அங்குலச் சுவர், கம்பி போட்ட யன்னல். போன வருடத்துக்கு முந்தின மாரியில், இரவு பதினொரு மணி கழிந்து, மாமிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. மச்சாள் கையில் கைபேசி. அதில் வைஃபை முழுதாக இருந்தது. தோஹாவிலிருந்து மச்சான் வாட்ஸ்அப் காணொளியில் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுகிறான். ஆனால் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு எடுக்க அந்த வீட்டில் ஒருவராலும் முடியவில்லை. கைபேசிச் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கட்டாரில் இருந்துகொண்டு இலங்கையின் நான்கு இலக்க எண்ணை அவனாலும் அழைக்க முடியாது. கடைசியில் நான் மழைக்குள் ஓடிப் படலையைத் திறந்து வீதியில் நின்று எடுத்தேன். "படலையடிக்குப் போனாத்தான் எடுக்கும் தம்பி" என்று மாமி முன்பு பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றுவரை அது எனக்கு ஒரு வீட்டுக் கதை மாத்திரம்.

மாமி பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஐந்தாறு நிமிடங்களை நான் மறக்கத் தயாரில்லை. உலகத்தின் மறுபக்கத்தோடு முகம் பார்த்துப் பேச முடிந்த ஒரு வீடு, சில கிலோமீற்றரில் இருந்த அம்புலன்ஸை அழைக்க முடியாமல் நின்றது. அந்த 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு எங்கள் மாகாணத்துக்கும் வந்தது. வண்டி வந்தது, எண் வந்தது. அந்த எண்ணுக்கும் வீட்டுக்குள் இருந்த இணைப்புக்கும் நடுவே வழி மட்டும் வரவில்லை.

அந்த வழி என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுப்பு வெறும் கோபமாகிவிடும்.

கைபேசி வலையமைப்பு என்றதும் நம் கண்ணுக்கு வருவது கோபுரம். கோபுரம் அதன் கை மட்டுமே. மூளை வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் எண் யாருடையது, எந்தச் சேவைக்கு உரித்து என்பதெல்லாம் ஒரு சந்தாதாரர் பதிவேட்டில் இருக்கும். உங்கள் கைபேசிக்கு இணைய முகவரி கொடுத்து, அதன் பொதிகளை வெளியுலகோடு பரிமாறும் பெரிய வாசல் ஒன்று இருக்கும். நாலாம் தலைமுறையில் அதற்கு 'பி-கேட்வே' என்று பெயர். உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பு அந்த மூளைக்குத்தான் முதலில் வரும். கோபுரம் வழியாக நீங்கள் அங்கே பதிந்திருந்தால் மணி அடிக்கும். பதிந்திராவிட்டால், பக்கத்தில் எத்தனை பலமான வைஃபை இருந்தாலும், அந்த மூளையின் கணக்கில் நீங்கள் இல்லாத ஆள்.

வைஃபைக்காரரையும் அந்த மூளையில் பதிய வைக்கும் வழியை, கைபேசித் தொழில்நுட்பத்துக்கு உலக விதிகள் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு எப்போதோ எழுதிவிட்டது. அதில் வாசல்கள் இரண்டு. ஒன்று, யாருடைய வைஃபை என்று தெரியாத இடத்திலிருந்து வருபவருக்கானது. கைபேசி தானே பூட்டிய ஒரு சுரங்கத்தை அமைத்து, 'இ.பி.டி.ஜி' எனும் வாசலில் வந்து தட்டும். மற்றது, கம்பனி பொறுப்பேற்ற வைஃபையிலிருந்து வருபவருக்கானது. 'டி.டபிள்யூ.ஏ.ஜி' எனும் இந்த இரண்டாவது வாசல் 2012இல் முடிவான பதினோராம் பதிப்பில் உருப்பெற்றது. வீட்டுக்கு முதலாவது வாசல் பொருந்தும். வைத்தியசாலை, பாடசாலை, பஸ் நிலையம் போன்ற பொது இடங்களுக்கு இரண்டாவது. என் வழக்கில் பெரும்பங்கு இந்த இரண்டாவதைப் பற்றியது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. கைபேசி வைஃபையை நெருங்குகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் எதுவும் திறக்காது. சிம்முக்குள் ஓர் இரகசியச் சாவி இருக்கிறது. அதே சாவியின் இன்னொரு பிரதி கம்பனியின் மையத்தில் இருக்கிறது. மையம் ஒரு கேள்வி எண்ணை அனுப்பும், சிம் தன் சாவியால் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. விடை சரியென்றால், அந்த வைஃபை நம்பகமானதா என்பதையும் மையம் அந்த இடத்திலேயே தீர்மானித்துக் கைபேசிக்குத் தெரிவிக்கிறது. பிறகு நம்பக வாசலான டி.டபிள்யூ.ஏ.ஜி பி-கேட்வேயோடு பேசி, இந்தச் சந்தாதாரருக்கென்று ஒரு பொதிக்குழாய் போடுகிறது. கைபேசிக்குக் கிடைக்கும் இணைய முகவரி வைஃபைப் பெட்டி கொடுத்தது அல்ல, பி-கேட்வே கொடுத்தது. கோபுரத்தின் கீழ் நின்றிருந்தால் எந்த வீட்டு வாசலில் நின்றிருப்பாரோ, அதே வாசலில்தான் இப்போதும் நிற்கிறார். பதினோராம் பதிப்பில் கோபுரத்திலிருந்து வைஃபைக்கு மாறும்போது அந்த முகவரி மாறிவிடும் குறை இருந்தது. அடுத்த பதிப்பில் அதையும் தீர்த்தார்கள்.

இந்த இடத்தில் 'நம்பகம்' என்ற சொல் பலரைத் தடுக்கி விழுத்துகிறது. படித்தவர்களையும்தான். நம்பக வைஃபை என்றால் பாதுகாப்பானது, மற்றது ஆபத்தானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே அலைவரிசை, ஒரே பூட்டு இருந்தாலும் ஒரு கம்பனிக்கு அது நம்பகமானதாகவும் இன்னொரு கம்பனிக்கு நம்பகமற்றதாகவும் இருக்கலாம். தீர்மானிப்பது சந்தாதாரரின் சொந்தக் கம்பனி. பெட்டியின் குணத்தை அளந்து வரும் முடிவு அல்ல அது; இந்தப் பாதையில் நடப்பதற்கு நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்திடுவது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளங்காத விஷயம் அல்ல. மட்டக்களப்பு வாவிக்கு முகத்துவாரங்கள் இரண்டு. வடக்கே பாலமீன்மடு, தெற்கே எங்களுக்குக் கிட்ட கல்லாறு. மாரியில் வாவி பெருகி வயல் மூழ்கும்போது மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிடுகிறார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கு ஒரு நியாயம், வாவியில் வலை போடுபவருக்கு இன்னொரு நியாயம். ஆகவே யாரோ ஒருவர் எல்லாருடைய நியாயத்தையும் கேட்டு, முடிவெடுத்து, அதற்குப் பொறுப்பு நிற்க வேண்டியிருக்கிறது. மண்வெட்டி இருப்பவரெல்லாம் வெட்டலாம் என்று விட்டுவிடுவதில்லை. வெட்டுவது அதிகாரிகளின் உள்வீட்டு வேலை, ஊருக்கு அதில் அலுவல் இல்லை என்று களுவாஞ்சிக்குடியில் ஒருவரும் சொல்லத் துணியமாட்டார். வைஃபைக்கும் கைபேசி மையத்துக்கும் நடுவிலுள்ள வாசலைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். கடல் கடந்த பிள்ளைகளையும் பெற்றாரையும் அது சேர்த்து வைத்திருக்கிறது. 'கொமினிகேஷன்' கடை வாங்கில் குந்தியிருந்து, வெளிநாட்டு அழைப்பு வரும் வரை காத்திருந்த தலைமுறை நாங்கள். அந்த நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது தொலைபேசிக்கு மாற்று என்று சொல்பவர்கள் அந்த நிறுவனமே சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள். அவசர சேவைகளை எங்கள் வழியாக அழைக்க முடியாது என்று வாட்ஸ்அப் தன் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

2019 ஏப்ரல் 21ஐ நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு. அன்றே அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் தடுத்தது. மாத முடிவு வரை தடை நீண்டது. நான் அப்போது வளைகுடாவில். வீட்டுக்கு அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றைச் சரிக்குறி மட்டும் விழுந்து நின்றது. அம்மா தேவாலயப் பக்கம் போகிறவர் இல்லை என்று தெரியும், ஆனாலும் அன்று யார் எங்கே நின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? காசு கொடுத்துச் சர்வதேச அழைப்பாக எண்ணுக்கே எடுத்து, பத்தாவது தடவையில் அம்மாவின் குரலைக் கேட்டேன். அதற்கு முந்திய வருடம் மார்ச்சில் திகன கலவரத்தின்போதும் இப்படித் தடுத்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் தடுத்தார்கள். அரசாங்கம் ஒன்றும் செய்யாமலே 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலம் அளவில் வாட்ஸ்அப் படுத்துக் கிடந்தது. இலங்கையில் ஓர் எண்ணை விற்பவர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப் பத்திரத்தோடு விற்கிறார், தவறினால் போய் முறையிட ஒரு வாசல் இருக்கிறது. செயலி ஒன்று நின்றுபோனால் எங்கே போய் முறையிடுவது?

இன்னும் சிறிய, ஆனால் தினமும் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். வங்கியில் பணம் மாற்றும்போது வரும் ஒருமுறைக் கடவுச்சொல் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வருகிறது. மாடி வீட்டுக்குள் இருந்து இணைய வங்கியில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அந்த ஆறு இலக்கத்துக்காகக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுபவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். அது வந்து சேரும்போது நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. பட்டன் கைபேசி வைத்திருக்கும் அம்மம்மாமார் அழைப்பதும் எண்ணுக்குத்தான். கிளினிக் திகதி மாறிவிட்டது என்று வைத்தியசாலையிலிருந்து சொல்ல எடுப்பதும் எண்ணுக்குத்தான். வைஃபை அழைப்புக்கான அந்த முதலாவது வாசல் திறந்திருந்தால் அழைப்பும் குறுஞ்செய்தியும் அந்தக் கொங்கிரீட் வீட்டுக்குள்ளேயே வந்து விழும்.

இனிக் கோபுரம். இன்னொரு டவர் போட்டால் தீரும் என்பவர்கள் சுவரை மறந்து பேசுகிறார்கள். ஓலையும் தகரமும் இருந்த காலத்தில் வெளியே கிடைத்த சிக்னல் உள்ளேயும் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இந்தக் கரை முழுக்க எழும்பியவை கல்வீடுகள், கம்பி கட்டிய கொங்கிரீட் தட்டுகள். வானொலி அலைக்கு அவை கவசம். அலைவரிசை உயர உயர ஊடுருவல் குறைகிறது. ஐந்தாம் தலைமுறைக்குப் பல நாடுகள் எடுத்துக்கொண்ட 3.5 கிகாஹேர்ட்ஸ் அலை, இப்போது நாலாம் தலைமுறைக்குப் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸை விடவும் சுவரில் தடுக்கி நிற்கும். வைஃபை சுவரைத் துளைப்பதில் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம். அதன் ஒரே பலம், அது ஏற்கனவே சுவருக்கு உள்ளே இருக்கிறது என்பது. அரைக் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கும் கோபுரம் உரத்துக் கத்துவதை விட, உள்வீட்டில் இருக்கும் பெட்டி மெல்லப் பேசுவது நன்றாகக் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. இங்கே நடும் கோபுரத்தின் வீச்சில் பெரும்பகுதி கிழக்கே கடல்மேலும் மேற்கே வாவிமேலும் போய் விழுகிறது. மீன்பிடிப்பவருக்கு அதனால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் நோயாளிக்கு இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நிலைமை வேறு. மண்டூர், வெல்லாவெளிக்கு அப்பால் வயலும் காடும் தொடங்கும் ஊர்களில் வீட்டுக்கு வெளியேகூடச் சிக்னல் தேடி அலையும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கோபுரம் வேண்டும், உடனே வேண்டும். ஒரு கோபுரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதைக் களுவாஞ்சிக்குடியின் கொங்கிரீட்டுக்குள் புகுத்தப் பார்ப்பதைவிடப் படுவான்கரைக்குக் கொண்டுபோவதே நியாயம்.

வானத்திலிருந்து எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் நமக்குப் புதிதல்ல. 2015இல் கூகிளின் லூன் பலூன்கள் நாடு முழுவதற்கும் இணையம் தரும் என்று உடன்படிக்கை எழுதினார்கள். அடுத்த வருடம் ஒரு பலூன் கம்பளைத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. 2021இல் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது. அது வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதன் தட்டு கொடுப்பதும் வீட்டுக்குள் ஒரு வைஃபைதான். அந்த வைஃபையிலிருந்து 1990க்கு வழி வேண்டுமென்றால் மறுபடியும் அதே வாசலுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் வழிகள் பெருகப் பெருக, அந்த வாசலின் தேவையும் பெருகுகிறது.

என் தரப்பின் பலவீனங்களை மறைத்துக்கொண்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. கரண்ட் போனால் வீட்டு வைஃபைப் பெட்டியும் போகும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்த நாடு இது, அந்த நேரங்களில் கோபுரத்தின் மின்கலம்தான் கொஞ்சமாவது தாங்கியது. எங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் 'வைஃபை' என்று சொல்லப்படுவது ஃபைபர் அல்ல. யன்னலோரத்தில் வைத்த, சிம் போட்ட நாலாம் தலைமுறைப் பெட்டி. அதுவும் கோபுரத்தையே நம்பியிருக்கிறது. ஆனாலும் யன்னலோரத்தில் அதற்குக் கிடைக்கும் சிக்னலை உள்வீட்டுக் கட்டிலடிக்குக் கொண்டுபோக அதனால் முடிகிறது. கைபேசியால் முடியவில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி இவற்றைவிடக் கனமானது. 2016இல் இலண்டனில் நடந்த பிளாக் ஹற் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இருவர், சிம் வழியாக வைஃபைக்குள் நுழையும் முறையில் கைபேசி முதல் தடவை தன் அடையாள எண்ணைத் திறந்தபடியே சொல்லிவிடுகிறது என்று காட்டினார்கள். போலி வைஃபை ஒன்றை வைத்து, யார் அந்தப் பக்கம் வந்தார் என்று கண்காணிக்க முடியும். எங்கள் மாவட்டத்தில் கண்காணிப்பு என்ற சொல்லுக்கு என்ன எடை என்று நான் விளக்கத் தேவையில்லை. 2024இல் வியன்னாவிலும் சார்புருக்கனிலும் உள்ள ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். உலகின் பல பாகங்களில் 13 கம்பனிகளின் வைஃபை அழைப்பு வாசல்கள் ஒரே தொகுதிச் சாவிகளைப் பகிர்ந்திருந்தன. பதின்மூன்று வீட்டுக்காரர் ஒரே திறப்பைப் பாவித்தது போல. இது வெட்கக்கேடு. இதைச் செய்த பொறியியலாளர்களின் தொழிலில் நானும் இருந்தேன் என்பதால் கோபமும் கூடுதல்.

ஆனால் இதிலிருந்து பெறும் முடிவில்தான் நான் எதிர்த்தரப்போடு முற்றாகப் பிரிகிறேன். அவர்கள் சொல்வது: "பாத்தீங்களா, ஆபத்து. வேணாம்." நான் சொல்வது: இந்தக் குறைகள் வெளியே வந்ததே அந்த வாசல்கள் திறந்த விதிகளின்படி கட்டப்பட்டதால்தான். அடையாள எண்ணை மறைத்து அனுப்பும் முறை விதிகளில் இருக்கிறது. சாவியை ஒவ்வொரு வாசலுக்கும் புதிதாக உண்டாக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். கம்பனிகள் இவற்றைச் செய்திருக்கின்றனவா என்று கேட்கவும், செய்யாவிட்டால் வற்புறுத்தவும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்கச் செய்யும் கடமை நமக்கு உண்டு. வாசலே இல்லாத வீட்டில் பூட்டுச் சரியா என்ற கேள்வி எழாது, உண்மை. உள்ளே இருப்பவர் வெளியே வரவும் முடியாது.

பணத்தைப் பற்றிய முறைப்பாடும் நியாயமானது. நான் வாங்கிய பெட்டி, நான் கட்டும் மின்கட்டணம், நான் வாங்கிய டேட்டா, அதன்மேல் போகும் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசா? வைஃபை வழியே ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய ஒரு மெகாபைட் அளவில்தான் எடுக்கும், அது பெரிய தொகை இல்லை. ஆனால் கோபுரத்தில் விழவேண்டிய சுமையை என் வீட்டுப் பெட்டி சுமக்கும்போது கம்பனிக்கு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அழைப்புக் கட்டணக் குறைப்பாகத் திரும்பி வரவேண்டும். இதைக் கேட்பதற்குக்கூட முதலில் அந்த வாசலை நம்முடைய விஷயமாக நினைக்க வேண்டும்.

தொழிலுக்குள்ளேயும் ஒரு பரவலான கருத்து இருக்கிறது, அதையும் விடக்கூடாது. நம்பக வாசல் செத்துப்போன யோசனை, சுரங்க வாசல் ஒன்றே போதும் என்பார்கள் என் பழைய சகாக்கள். கைபேசிகளில் வைஃபை வழிக் குரல் அழைப்பு பெரும்பாலும் சுரங்க வாசல் வழியாகத்தான் போகிறது, அது சரி. எந்த வைஃபையிலும் அது வேலை செய்யும், அதுவும் சரி. ஆனால் சுரங்கத்தின் ஊடாக வரும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கம்பனிக்கு இயல்பாகத் தெரிவது இணைய முகவரி ஒன்றுதான். அது களுவாஞ்சிக்குடியா கல்முனையா என்று அந்த எண் சொல்லாது. நம்பக வாசலில் வருபவரோடு சேர்ந்து ஓர் அடையாளமும் மையத்துக்குப் போகிறது. வைஃபையின் பெயர், அவரைப் பிடித்திருக்கும் பெட்டியின் தனி எண், விரும்பினால் அந்தப் பெட்டி பொருத்தப்பட்ட கட்டடத்தின் முகவரி. மூச்சு முட்டி வார்த்தை வராமல் ஒருவர் அவசர எண்ணுக்கு எடுத்தால், எந்தக் கட்டடத்தின் எந்த மாடி என்று சொல்லக்கூடிய ஏற்பாடு இதில்தான் இருக்கிறது. இதைச் செத்துப்போன யோசனை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்தாம் தலைமுறைக்கான விதிகளை எழுதியவர்களுக்கும் மனம் வரவில்லை. பதினாறாம் பதிப்பில் அதற்கு 'டி.என்.ஜி.எஃப்' என்று புதுப் பெயர் வைத்து மறுபடி சேர்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்கு என்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பு 'எடுரோம்' முறையை நடத்துகிறது. பேராதனை மாணவி ஒருத்தி அதில் சேர்ந்த இன்னொரு வளாகத்துக்குப் போனால், தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கோடு அங்குள்ள வைஃபைக்குள் நுழையலாம். சரிபார்ப்பது போன இடம் அல்ல, அவளுடைய பேராதனை. பொறுப்பைக் கைமாற்றும் அதே தத்துவம். ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள், அறிவும் இங்கேயே இருக்கிறது. ஜப்பானில் 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது கம்பனிகள் ஒன்றுசேர்ந்து '00000ஜப்பான்' என்ற ஒரே பெயரில் தங்கள் வைஃபைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டன. கடவுச்சொல் இல்லை, பூட்டும் இல்லை. அந்தப் பூட்டின்மையைப் பற்றி அங்கே எச்சரிக்கைகளும் எழுந்தன. சிம்மே திறப்பாக இருக்கும் வாசல் முன்கூட்டியே அமைந்திருந்தால், பூட்டைக் கழற்றாமலே எல்லாரையும் உள்ளே விடலாம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஒரு கரைக்கு இது யோசித்துப் பார்க்க வேண்டிய காரியம்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை, பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம், பிரதேச செயலகம், பஸ் நிலையம் ஆகிய நாலு இடங்களிலும் சிம் வழியாகத் திறக்கும் வைஃபை வேண்டும். எந்தக் கம்பனியின் சிம்மாக இருந்தாலும் திறக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் இருப்பிடமும், வைத்தியசாலையில் என்றால் விடுதியின் பெயரோடு, பதிவாக வேண்டும். கரண்ட் போனாலும் தாங்கும் மின்கலம் அதற்கு வேண்டும். வீடுகளுக்கு, வைஃபை அழைப்புச் சுவிட்ச் எல்லாக் கைபேசிகளிலும் வேலை செய்ய வேண்டும். இப்போது கம்பனி பரிசோதித்து ஒப்புக்கொண்ட மாதிரிகளில் மட்டுமே அது தெரிகிறது. கைபேசிக்கு வல்லமை இருக்கிறது, வலையமைப்பில் வாசல் இருக்கிறது, நடுவில் ஒரு பட்டியல் வழிமறித்து நிற்கிறது. அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார், எதன்படி எழுதுகிறார் என்று ஆணைக்குழு பகிரங்கமாகக் கேட்க வேண்டும்.

மச்சாளின் கைபேசி அந்தப் பட்டியலில் இல்லை. மச்சான் தோஹாவில் வாங்கி அனுப்பியது. அமைப்புகளைத் திறந்து நானே தேடிப் பார்த்தேன், சுவிட்ச் இல்லை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது படலையடியில் மதிலோடு சேர்த்து ஒரு சிறு தாவாரம் இறக்கியிருந்தது. இரண்டு தகரம், இரண்டு கம்பு, கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை. "மாரி வருகுதுதானே, நனையாம நிண்டு 1990 எடுக்கலாம்" என்றாள்.